நீராவிக் கவசத்தோடு நீண்ட கேம்பெயின்: எந்த விதி நின்றது, எது கழன்றது

பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை வைத்து நான் நடத்தும் கேம்பெயினில் (பல அமர்வுகளாக நீளும் ஒரே கதையில்) நீராவிக் கவசம் நுழைந்து ரொம்ப நாளாகிவிட்டது, புதுசு என்கிற மயக்கமெல்லாம் தெளிந்த பிறகுதான் இதை எழுதுகிறேன். புகைபோக்கி வைத்த கவசம் பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு அதற்கென்று தனி விதியெல்லாம் தேவையே இல்லை. 2020-இல் வந்த ஆர்மரர் வகை ஆர்ட்டிஃபிசரை (மந்திரக் கவசம் போட்டுச் சண்டையிடும் கைவினைஞர் பாத்திரம்) எடுத்துக்கொண்டு, மந்திரம் என்று வருகிற இடத்திலெல்லாம் நீராவி என்று சொல்லிக்கொண்டால் போதும்.

எனக்கு அது பத்தவில்லை. நீராவி என்றால் நெருப்பு, தண்ணீர், அழுத்தம், எப்போது வெடிக்குமோ என்கிற பயம் எல்லாம் சேர்ந்துதான். அந்தப் பயம் மேஜைக்கு வராவிட்டால் அது இன்னொரு பிளேட் கவசம் (வழக்கமான முழு உலோகக் கவசம்), அவ்வளவுதான்.

நிலக்கரியை எடை போட்டு, பாத்திரத்தின் விவரத்தாளான ஷீட்டில் குறித்துக் கழிக்கும் விதி சீக்கிரமே காணாமல் போனது. கணக்குப்பிள்ளை வேலை பார்க்க யாரும் விளையாட வருவதில்லை. நிலைத்தது அழுத்தப் பகடை. கவசம் போட்டவர் ஷீட்டின் மேல் ஓர் ஆறுமுகப் பகடையை 1 தெரிய வைப்பார், அவர் முறை வரும்போதெல்லாம் ஒன்று ஏறும். ஓங்கி அடிக்க, தாவ, கதவை உடைக்க அதிலிருந்து செலவழிக்கலாம். 6-ஐத் தாண்டினால் பாதுகாப்பு வால்வு திறந்துகொள்ளும்: பக்கத்தில் நிற்பவர்களுக்கெல்லாம், நண்பன் எதிரி பார்க்காமல், கொதிக்கும் நீராவி, அடுத்த முறை கவசம் அசையாது.

ஒரு பாலத்துச் சண்டையில் பகடை 6-இல் நிற்கிறது, எதிரிகள் எட்டாத தூரத்தில், காலடியில் மயங்கிக் கிடக்கிறார் எங்கள் கிளெரிக் (காயம் ஆற்றும் பூசாரிப் பாத்திரம்). அடிக்க ஆளில்லை, வைத்திருந்தால் கிளெரிக் வெந்துவிடுவார். பிளேயர் பகடையையே முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, பாலத்தின் கைப்பிடிச் சுவர்மேல் எல்லாவற்றையும் இறக்கினார். சுவர் ஆற்றில் விழுந்தது, கொஞ்ச நேரம் கழித்து அந்த ஓட்டை வழியாகவே எதிரித் தளபதியைத் தள்ளிவிட்டார்கள். இப்படி ஒரு சண்டை பிளேட் கவசத்தில் வந்ததே இல்லை.

உலோகத்தைப் பழுக்கச் சுடவைக்கும் ஹீட் மெட்டல் மந்திரத்தைப் பற்றிக் கட்டாயம் யோசித்து வையுங்கள். இரண்டாம் நிலை மந்திரம்தான், ஆனால் முறைக்கு 2டி8 (இரண்டு எண்முகப் பகடை) தீச்சேதம், கனத்த கவசத்தைக் கழற்றவே ஐந்து நிமிடம் ஆகும், மந்திரமோ ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், ஆக கழற்றித் தப்பிக்க வழியே கிடையாது. எங்கள் விதிப்படி அந்தச் சூடு அழுத்தத்தையும் ஒன்று ஏற்றும். வலியோடு ஓசி நிலக்கரியும் கிடைக்கிறது என்று எங்கள் ஆள் எதிரி மந்திரவாதியை வேண்டுமென்றே வம்புக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டார்!

நிலக்கரியைவிட நல்ல தலைவலி தண்ணீர். நிஜ நீராவி ரயில் எஞ்சின்களிலேயே ஒரு கிலோ நிலக்கரிக்கு ஆறேழு கிலோ தண்ணீர் ஆவியாகும். பாலைவனத்தில் இருக்கிற தண்ணீரைக் குடிப்பதா, கொதிகலனில் ஊற்றுவதா என்று பிளேயர்கள் அடித்துக்கொண்டபோது நான் வாயே திறக்கவில்லை. கடல் நீரையும் ஊற்றலாம், உப்பு உள்ளே படிந்து சேதமாகும் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

அணைந்த கொதிகலனில் நீராவி ஏற, அந்த எஞ்சின்களுக்குப் பல மணி நேரம் ஆகும். ஆட்டத்தில் அதைப் பத்து நிமிடமாகக் குறைத்தேன், அதற்குக் கீழே மட்டும் போகாதீர்கள். ராத்திரித் திடீர்த் தாக்குதலில் கவசக்காரர் சட்டையோடு ஓடுவதுதான் மற்றவர்கள் முன்னால் நிற்கக் கிடைக்கும் வாய்ப்பு. ஒளிந்து போவது சாத்தியமே இல்லை, அதில் பேரமும் கிடையாது. அடி படாமல் காக்கும் எண்ணான ஆர்மர் கிளாஸும் பிளேட் மாதிரி 18-தான். பலம் முழுக்கப் பகடையில் இருக்கட்டும்.

பழுதுபார்ப்பு மட்டும் இன்னும் சரியாக அமையவில்லை. பாகம் பாகமாகத் தேய்மானம் பார்த்தோம், சலித்துப்போனது. இப்போதைக்கு நீண்ட ஓய்வின்போது ஒரே ஒரு சோதனை உருட்டல். தோற்றால் அடுத்த நாள் முழுக்க வால்வு 6-க்குப் பதில் 4-ஐத் தாண்டியதும் திறந்துவிடும். எரிச்சலூட்டாத வேறு வழி யாராவது ஆடிப் பார்த்திருந்தால் சொல்லுங்கள்.