ரோட் கிங், ஹெரிடேஜ், ஸ்பிரிங்ஃபீல்டு: சைடு பெட்டி எந்த வண்டிக்குப் பொருந்துகிறது?

தாழ்ந்து நீண்ட க்ரூஸர் வண்டியில் ஹார்ட் சேடில்பேக், அதாவது பின்சக்கரத்தின் இரு பக்கமும் தொங்கும் கெட்டியான பெட்டி, மாட்டினால் அதன் அழகே போய்விடும் என்று சொல்பவர்கள் நிறைய. எல்லா வண்டிக்கும் சேர்த்து அப்படித் தீர்ப்பு சொல்ல முடியாது. அந்தப் பெட்டி வண்டியின் எந்தப் பாகத்தை மறைக்கிறது, மறைபடும் பாகம் பார்க்க லட்சணமாக இருந்ததா இல்லையா, இதைப் பொறுத்துத்தான் எல்லாம். தொழிற்சாலையிலிருந்தே பெட்டியோடு வரும் மூன்று அமெரிக்க வண்டிகளை எடுத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன். இன்ஜின், மைலேஜ் எல்லாம் வேறு இடத்தில் தேவைக்கு மேல் கிடைக்கும், இங்கே தோற்றம் மட்டும்.

முதலில் ஹார்லி ரோட் கிங். 1994 மாடலாக வந்தது, இன்றுவரை என் கண்ணுக்கு ஹார்ட் பேக் மாட்டிய வண்டிகளில் இதுதான் ராஜா. காரணத்தைத் தெரிந்துகொள்ள அதன் பெட்டியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பெரிய வேலை இல்லை, மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் இரண்டு திருகுகளைக் கையால் திருப்பினால் பெட்டி தனியாக வந்துவிடும். வந்த பிறகு அங்கே என்ன மிஞ்சுகிறது? வெளியே தெரியும் இரண்டு ஷாக் அப்சார்பர்கள், பெட்டியைத் தாங்கும் கம்பிகள், நீளமான சைலன்சர், நடுவில் வெறிச்சென்று ஒரு மட்கார்டு. அந்தப் பின்பக்கத்தைத் தனியாகப் பார்க்கச் சொல்லி யாரும் வடிவமைக்கவில்லை. அகலமான டேங்க், ஹெட்லைட்டை மூடிய பெரிய கூடு (நசெல்), காற்றைத் தடுக்கும் விண்ட்ஷீல்டு என்று முன்னால் இருக்கிற கனத்துக்குச் சமமாகப் பின்னால் ஏதாவது வேண்டும், அதைப் பெட்டிதான் கொடுக்கிறது. வண்டியின் பெயிண்டே பெட்டிக்கும் வருவதால் டேங்கில் தொடங்கும் நிறம் இருக்கையின் கீழ் சற்றே மறைந்து மறுபடி பெட்டியில் தொடர்ந்து முடிகிறது. இரட்டை நிற பெயிண்ட் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

2014 மாடலில் பெட்டியின் பூட்டு மாறியது. அதற்கு முன்னால் மூடியின் தாழ் வெளிப்பக்கம் இருக்கும். இப்போது நெம்புகோல் உள்பக்கம், இருக்கையில் உட்கார்ந்தபடியே ஒரே கையால் திறக்கலாம். வசதிக்காகச் செய்தார்கள் என்றுதான் பலரும் எழுதினார்கள், ஆனால் அதனால் வெளிப்பக்கம் சுத்தமாகிவிட்டது என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்லவில்லை. பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது கண் எங்கும் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது. ஒரு குறையும் சொல்ல வேண்டும்: 2017 முதல் வந்த வண்டிகளில் ஷாக் அப்சார்பரை இறுக்கவோ தளர்த்தவோ இடப்பக்கப் பெட்டியைக் கழற்றியாக வேண்டும். பின்னால் ஆள் ஏறி இறங்குகிற ஒவ்வொரு தடவையும் இதைச் செய்ய யாருக்குப் பொறுமை இருக்கும்?

அதே 2017-இல் வந்த ரோட் கிங் ஸ்பெஷலில் பெட்டியைக் கீழ்நோக்கி நீட்டி, சைலன்சரைத் தொட்டுவிடும் போல இறக்கிவிட்டார்கள். க்ரோம் போய் எல்லாம் கறுப்பு, விண்ட்ஷீல்டு கிடையாது, முன்சக்கரம் 19 அங்குலம். கறுப்புப் பெட்டி, கறுப்பு சைலன்சர், எங்கே எது முடிகிறது என்றே தெரியாமல் ஒரே நீள வடிவமாக நிற்பது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் விண்ட்ஷீல்டை எடுத்து முன்பக்கத்தை மெலிய வைத்துவிட்டுப் பின்பக்கத்தை மட்டும் பெரிதாக்கினால் கனமெல்லாம் பின்னால் போய்ச் சேர்கிறது. எனக்குச் சாதாரண ரோட் கிங்கே போதும்.

ஹார்லியின் சாஃப்டெயில் வகையைச் சேர்ந்த ஹெரிடேஜ் கிளாசிக் விஷயம் வேறு, இங்கேதான் எனக்கு உண்மையான வருத்தம். 1984 மாடலாக ஹார்லி கொண்டுவந்த சாஃப்டெயில் ஃபிரேமின் நோக்கமே ஒன்றுதான்: ஸ்பிரிங்கைக் கண்ணுக்குத் தெரியாமல் அடியில் ஒளித்துவைத்து, பின்பக்கம் ஸ்பிரிங்கே இல்லாத அந்தக் காலத்து வண்டியைப் போலக் காட்டுவது. ஹேண்டில்பாரின் கீழிருந்து பின் அச்சு வரை இறங்கும் அந்த நேர்க்கோடு இருக்கிறதே, சாஃப்டெயிலுக்குக் காசு கொடுப்பவர் அதற்காகத்தான் கொடுக்கிறார். அந்தக் கோடு முடிகிற இடத்தில் கொண்டுபோய் ஒரு பெட்டியைத் தொங்கவிட்டால் பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டதுதான்.

பழைய ஹெரிடேஜில் தோல் பைகள் இருந்தன. பக்கிள், குமிழ் ஆணி, எல்லாம் உண்டு. நாளாக நாளாகக் கொஞ்சம் தொய்ந்து மட்கார்டின் வளைவோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் கண்ணை உறுத்தாது. 2018-இல் வந்த புது ஹெரிடேஜில் உள்ளே கெட்டியான பெட்டி, வெளியே தோல் போன்ற உறை, பூட்டும் உண்டு. மழைக்கும் திருட்டுக்கும் பயந்த எவரும் இதைத்தான் விரும்புவார், நியாயம். தோற்றத்தில் மட்டும் அது தோலின் நெகிழ்வும் இல்லாமல் பெயிண்ட் அடித்த பெட்டியின் மினுமினுப்பும் இல்லாமல் இரண்டுங்கெட்டானாக நிற்கிறது. ஒரே ஆறுதல், சைலன்சர்கள் இரண்டும் வலப்பக்கமே போவதால் இடப்பக்கம் பெட்டிக்குக் கீழே சக்கரம் தாராளமாகத் தெரிகிறது. ஹெரிடேஜை இடப்பக்கமிருந்து படம் எடுங்கள், நான் சொல்வது புரியும்.

மூன்றாவது ஸ்பிரிங்ஃபீல்டு, இந்தியன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் வண்டி, 2016-இல் வந்தது. 1901-இல் அந்தக் கம்பெனி தொடங்கிய ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இதில் ஆள் மயங்குகிற விஷயம் முன் மட்கார்டு. முன்சக்கரத்தைப் பாதி மூடி, பாவாடை விரித்த மாதிரி இறங்கும் அந்தப் பழைய இந்தியன் மட்கார்டு முன்னால் இருக்கும்போது பின்னால் எவ்வளவு பெரிய பெட்டி இருந்தாலும் மிகையாகத் தெரிவதில்லை, முன்னும் பின்னும் ஒரே கை வரைந்த வளைவுகள். 2018-இல் இதே வண்டியின் டார்க் ஹார்ஸ் என்ற மாடல் வந்தபோது அந்த மட்கார்டை நீக்கிச் சின்னதாக ஒன்று வைத்து 19 அங்குலச் சக்கரம் போட்டார்கள். பின்னால் பெட்டி என்னவோ அப்படியேதான் இருந்தது, ஆனால் திடீரென்று அளவுக்கு மீறித் தெரிந்தது!

2020-இல் அமெரிக்காவின் லகுனா செகா பந்தயத் தடத்தில் முதல் கிங் ஆஃப் தி பேகர்ஸ் பந்தயம் நடந்தது, பெட்டி மாட்டிய வண்டிகளுக்கு மட்டுமேயான பந்தயம். வளைவில் சாய்க்கும்போது தரையில் உரசக் கூடாது என்று அதில் பெட்டிகளை மேலே தூக்கி மாட்டியிருப்பார்கள். பந்தயத்துக்கு அது சரி. தாழ்ந்து நீண்டு கிடப்பதே லட்சணமான க்ரூஸரில் பெட்டி உயர்ந்தால் வண்டியே வேறாகிவிடுகிறது என்பதை அங்கே பளிச்சென்று பார்க்கலாம்.

சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார் 650-க்குப் பெட்டி வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியதும் இதையேதான். 740 மி.மீ. உயரத்தில் தாழ்ந்த இருக்கை, இரண்டு பக்கமும் சைலன்சர், வெளியே தெரியும் இரண்டு ஷாக் அப்சார்பர். கீழே சைலன்சர் இடம் கொடுக்காததால் வெளிச்சந்தையில் விற்கிற பெரிய பெட்டிகள் மேலேயும் வெளியேயும் தள்ளிக்கொண்டு நிற்கும். பெட்டியின் மேல்விளிம்பு பின்சீட்டைத் தாண்டினால் வாங்காதீர்கள், கீழ்விளிம்பு சைலன்சருக்கு இணையாக ஓடவில்லை என்றாலும் வேண்டாம். பின்னால் உட்காருபவரின் குதிகாலுக்கு இடம் இருக்கிறதா என்று ஆளை உட்கார வைத்தே பாருங்கள். இதெல்லாம் தேறினால் பெட்டிக்கும் டேங்கின் நிறத்தையே அடிக்கச் சொல்லுங்கள், செலவு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. எப்போதாவது ஊருக்குப் போகத்தான் என்றால் கழற்றி வைக்கிற துணிப்பை போதும், கம்பிகூட மாட்ட வேண்டாம்.