சிங்கப்பூரா, மலேசியாவா, இலங்கையா? பிள்ளைகளோடு முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு ஓர் ஒப்பீடு

தமிழ்நாட்டிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதன்முறையாக வெளிநாடு கிளம்பும் குடும்பங்கள் பெரும்பாலும் இந்த மூன்று நாடுகளில் ஒன்றைத்தான் யோசிக்கின்றன. விமானத்தில் மிஞ்சிப்போனால் நான்கரை மணி நேரம், நம் வாய்க்குப் பிடிக்கிற சாப்பாடு, அவசரத்துக்குத் தமிழில் பேச ஆள் என்று மூன்றுக்கும் பொதுவான வசதிகள் உண்டு. ஆனால் எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே நாடு சரிவராது. விளம்பரங்கள் இத்தனை நாளில் இத்தனை இடம் என்று கணக்குச் சொல்கின்றன. நான் பார்க்கச் சொல்வது வேறு இரண்டு விஷயங்களை. வீட்டின் கடைக்குட்டிக்கு என்ன வயது? பயணத்தில் எத்தனை தடவை பெட்டியைக் கட்டி அவிழ்க்க வேண்டியிருக்கும்?

அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரையும் மலேசியாவையும் ஒரே வாரத்தில் சேர்த்து விற்கும் பேக்கேஜ், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம் ஆகும். எல்லையில் இரண்டு நாட்டுக் குடிநுழைவுச் சோதனை. தூங்கும் குழந்தையை எழுப்பி இறக்கி, பெட்டிகளை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்று, மறுபடி பஸ்ஸைத் தேடிப் பிடித்து ஏற வேண்டும். வார இறுதியிலும் விடுமுறைக் காலத்திலும் அந்த எல்லையில் கூட்டம் நெரியும். ஒரு முழு நாள் அதிலேயே போய்விடும். இரண்டு நாடும் பார்த்தே ஆக வேண்டும் என்றால் நடுவில் விமானத்தில் போங்கள், சுமார் ஒரு மணி நேரம்தான். இல்லாவிட்டால் ஒரு நாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நிதானமாகப் பாருங்கள்.

சரி, எந்த நாடு?

கடைக்குட்டிக்கு ஐந்து வயதுக்குள் என்றால் என் ஓட்டு சிங்கப்பூருக்கு. அங்கே ஒரே அறையில் தங்கி, ஒரே கட்டிலில் தூங்கி, ஐந்து நாளையும் ஓட்டிவிடலாம். பெரும்பாலான இடங்களுக்கு எம்ஆர்டி ரயிலிலோ பஸ்ஸிலோ ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ரயில் நிலையங்களில் லிஃப்ட் இருப்பதால் குழந்தையின் தள்ளுவண்டியை மடிக்காமலே போகலாம். 0.9 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்கு, பெரியவர் உடன் இருந்தால் ரயிலிலும் பஸ்ஸிலும் கட்டணம் இல்லை. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். பால் கலக்கும் வயதில் குழந்தை இருக்கிற வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது போய்ப் பார்த்தால் புரியும்.

மண்டாய் பகுதியில் உயிரியல் பூங்கா, இரவு சஃபாரி, ஆற்று விலங்குகளுக்கான ரிவர் வொண்டர்ஸ், 2023இல் திறந்த பறவைகள் பூங்கா என்று நான்கும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. நான்கையும் ஒரே பயணத்தில் பார்க்க முயல வேண்டாம். உயிரியல் பூங்காவுக்குக் காலையில் கதவு திறக்கும்போதே போய், வெயில் ஏறியதும் திரும்பிவிடுங்கள். இரவு சஃபாரி மாலை 7 மணிக்கு மேல்தான் தொடங்குகிறது. சீக்கிரம் தூங்கும் குழந்தையை அங்கே கொண்டுபோனால் டிக்கெட் காசு வீண். யூனிவர்சல் ஸ்டுடியோஸுக்கும் அப்படித்தான். பெரிய ரைடுகளுக்கெல்லாம் குறைந்தபட்ச உயரம் உண்டு. பிள்ளையின் உயரத்தை வீட்டிலேயே அளந்து, எதில் ஏற முடியும் என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

காசில்லாமல் கிடைப்பவையும் சிங்கப்பூரில் நிறைய. கார்டன்ஸ் பை தி பே தோட்டத்தின் வெளிப்பகுதிக்கும் இரவில் அங்கே நடக்கும் ஒளிக்காட்சிக்கும் கட்டணம் இல்லை. தாவரவியல் பூங்கா யுனெஸ்கோ பட்டியலில் உள்ள இடம், அதற்கும் கட்டணம் இல்லை. அதற்குள்ளேயே சிறுவர்களுக்கென்று ஜேக்கப் பல்லாஸ் தோட்டம் இருக்கிறது. சாங்கி விமான நிலையத்தை ஒட்டிய ஜூவல் கட்டடத்துக்குள் 40 மீட்டர் உயரத்திலிருந்து அருவி கொட்டுகிறது. இது நமக்கு வேறொரு வகையிலும் உதவும். இந்தியாவிலிருந்து பல விமானங்கள் இரவில் கிளம்பி விடிகாலையில் இறங்கும். ஹோட்டலிலோ மதியம் 2, 3 மணிக்கு மேல்தான் அறை. அந்த இடைவேளையில் பெட்டிகளைக் காப்பகத்தில் வைத்துவிட்டு, பிள்ளைகளோடு ஜூவலைச் சுற்றிப் பார்க்கலாம்.

குறை என்று பார்த்தால் செலவு. ஒரு சிங்கப்பூர் டாலருக்கு மூன்று மலேசிய ரிங்கிட்டுக்கு மேல் வரும். அறை வாடகையில் இது பளிச்சென்று தெரியும். சிங்கப்பூரில் ஓர் இரவுக்குக் கொடுக்கும் பணத்தில் கோலாலம்பூரில் இரண்டு இரவு தங்கலாம், சில சமயம் மூன்றே தங்கலாம். அறைகளும் சிறியவை. இரண்டு பிள்ளைகள் என்றால் நால்வர் தங்க அனுமதி உண்டா என்று முன்பதிவின்போதே பாருங்கள். வீட்டை வாடகைக்கு எடுத்துச் சமைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் அங்கே நடக்காது. தனியார் வீடுகளை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டப்படி குற்றம்.

கார் விஷயத்திலும் ஒன்று. 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைக்கு அங்கே கார்களில் குழந்தை இருக்கை கட்டாயம். டாக்ஸிக்கு மட்டும் விலக்கு உண்டு. கிராப் மாதிரி செயலிகளில் வரும் தனியார் கார்களுக்கு விலக்கு இல்லை. அதனால் செயலியில் டாக்ஸி என்று பார்த்து எடுங்கள், அல்லது குழந்தை இருக்கையோடு வரும் காரைக் கேளுங்கள்.

தாத்தா பாட்டியும் வருகிறார்கள், ஆறேழு பேர், பிள்ளைகள் ஐந்து வயதைத் தாண்டியவர்கள் என்றால் மலேசியாதான். கோலாலம்பூரில் சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம், மாடியில் நீச்சல்குளம் எல்லாம் உள்ள சர்வீஸ் அபார்ட்மென்ட்டுகள் ஏராளம். பாட்டி காலையில் காபி போட்டுக்கொள்ளலாம், தயிர்சாதம் கலந்துகொள்ளலாம். பிள்ளைகளுக்கு நீச்சல்குளம் ஒன்றே போதும். பாதி நாள் அதிலேயே கழியும், யாருக்கும் அலைச்சல் இல்லை.

பத்துமலையை யாரும் விடப்போவதில்லை. 42.7 மீட்டர் உயர முருகன் சிலையும் வண்ணம் பூசிய 272 படிகளும் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். நகரத்திலிருந்து கொமுட்டர் எனப்படும் புறநகர் ரயிலிலேயே போகலாம். காலை 8 மணிக்குள் போய்விடுங்கள், அதற்கப்புறம் படி சுடும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கீழேயே இருந்து கும்பிடலாம். பிள்ளைகள் கையில் பிஸ்கட்டோ பழமோ இருக்கக் கூடாது. குரங்குகள் பறித்துக்கொண்டு போய்விடும், சின்னவர்கள் பயந்துவிடுவார்கள். தைப்பூசத்தன்று லட்சக்கணக்கில் கூட்டம் கூடும். பக்திக்காகப் போகிறவர்கள் போகட்டும், ஆனால் கைக்குழந்தையோடு வேண்டாம்.

452 மீட்டர் உயர இரட்டைக் கோபுரத்தின் மேல் ஏறுவதைவிட, அதன் அடியில் இருக்கும் கேஎல்சிசி பூங்கா பிள்ளைகளுக்கு நல்லது என்பது என் கருத்து. பெரிய விளையாட்டு மைதானமும், கணுக்கால் அளவுத் தண்ணீரில் குதித்து ஆடும் குளமும் அங்கே இருக்கின்றன. கட்டணம் கிடையாது. மாற்று உடை ஒன்று எடுத்துப்போங்கள். கெந்திங் மலைக்குக் கேபிள் காரில் போவது அருமை. மேலே குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். தேவையில்லாமல் சேர்க்கப்படுவது லங்காவி. அழகான தீவுதான், ஆனால் ஐந்து நாள் பயணத்தில் அதைச் செருகினால் மறுபடியும் பெட்டி, விமான நிலையம், வரிசை. எட்டு நாள் இருந்தால் யோசியுங்கள்.

சாப்பாட்டில் மூன்றுமே நம்மைக் கைவிடாது. சிங்கப்பூரில் தேக்கா, சிராங்கூன் சாலைப் பக்கம் போனால் தோசையும் சாம்பாரும் நம்மூர் ருசியில் கிடைக்கும். மலேசியாவில் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும், இரவு வெகுநேரம் திறந்திருக்கும் மாமாக் கடைகளில் நம் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் கிடைக்கும். காரமே தொடாத பிள்ளைகூடச் சர்க்கரை தொட்டு இரண்டு ரொட்டி உள்ளே தள்ளும். இலங்கையில் இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் குழந்தைகளுக்காகவே செய்தது மாதிரி இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் அங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சம்பலிலும் சில காய்கறிக் கறிகளிலும் மாசிக்கருவாட்டுத் தூள் போடுவது வழக்கம். மாசி போடாமல் தாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்போது இலங்கை. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றால் மற்ற இரண்டையும்விட இதைத்தான் முதலில் சொல்வேன், இதைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். நேர வித்தியாசமும் கிடையாது. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம் இருப்பதால் முதல் இரண்டு நாள் பிள்ளைகள் எழவே மாட்டார்கள். யாழ்ப்பாணத்துக்கும் சென்னையிலிருந்து விமானம் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்திலுள்ள காங்கேசன்துறைக்கு 2023இல் தொடங்கிய பயணியர் கப்பலும் இருக்கிறது. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அதை நிறுத்திவிடுவார்கள். அதனால் பள்ளி விடுமுறைத் தேதியை அதை நம்பிக் குறிக்க வேண்டாம்.

இலங்கையில் பிள்ளைகள் பார்க்கப்போவது காட்டில் தன்னிஷ்டத்துக்குத் திரியும் யானையை. மின்னேரியா தேசியப் பூங்காவில் வறண்ட மாதங்களில், முக்கியமாக ஆகஸ்ட், செப்டம்பரில், குளக்கரைக்கு நூற்றுக்கணக்கான யானைகள் வந்து சேரும். அங்கே ஜீப் மதியத்துக்கு மேல் கிளம்புவதால் விடியலில் பிள்ளையை எழுப்பும் பாடு இல்லை. ஆண்டு முழுவதும் யானை பார்க்க உடவளவை தேசியப் பூங்கா. அதை ஒட்டியே, தாயை இழந்த குட்டிகளை வளர்த்துக் காட்டுக்குத் திருப்பி அனுப்பும் காப்பகம் ஒன்று இருக்கிறது. குறித்த நேரங்களில் குட்டிகள் ஓடிவந்து பால் குடிப்பதைத் தள்ளி நின்று பார்க்கலாம். யானைமேல் ஏறிப் படம் எடுக்கும் இடங்களைவிட இதைத்தான் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். சிகிரியா பாறைக்கோட்டையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். பத்து வயதுப் பிள்ளை நம்மை முந்திக்கொண்டு ஏறிவிடும். நான்கு வயதுப் பிள்ளையை நாம் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியிருக்கும். முக்கியமான இடங்களில் இந்தியா உட்பட்ட சார்க் கூட்டமைப்பு நாட்டவருக்குக் குறைந்த கட்டணம் உண்டு என்பதால் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள்.

சின்னக் குழந்தைக்கு இலங்கை ஏன் ஒத்துவராது என்றால், சாலையில் கழியும் நேரம்தான் காரணம். கொழும்பிலிருந்து கண்டி 115 கிலோமீட்டர்தான், ஆனால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஓட்டுநரோடு வேன் எடுப்பதே வழக்கம், அது வசதியும்கூட. மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளைகள் என்றால் மலையூர்களான நுவரெலியாவையும் எல்லவையும் விட்டுவிட்டு, சமவெளியான சிகிரியா, திருகோணமலைப் பக்கம் போங்கள். மலை ரயிலில் போக ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயல் மலைநாட்டைக் கடுமையாகத் தாக்கியது, ரயில் பாதைக்கும் பெரும் சேதம். நீங்கள் நினைக்கும் பகுதியில் ரயில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள்.

பருவமழையைப் பார்க்காமல் இலங்கைக்கு டிக்கெட் எடுக்கவே கூடாது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் கரையில் மழை. அதே நேரத்தில் கிழக்குக் கரை வெயிலும் அமைதியான கடலுமாக இருக்கும். எனவே நம் கோடை விடுமுறைக்கு ஏற்றது கொழும்பில் இறங்கி, சிகிரியா பக்கம் இரண்டு இரவு, பிறகு திருகோணமலையில் இரண்டு மூன்று இரவு. நிலாவெளிக் கடற்கரையில் பிள்ளைகளை விளையாடவிட்டு, மாலையில் கோணேசர் கோயிலுக்குப் போய்வரலாம். டிசம்பர் அரையாண்டு விடுமுறை என்றால் இதைத் தலைகீழாக்குங்கள், காலி, உனவட்டுன, மிரிச என்று தெற்குக் கரை. சிங்கப்பூரில் டிசம்பர் மழை மாதம், ஆனால் அங்கே கூரைக்கடியில் பார்க்க நிறைய இருப்பதால் பயணம் கெடாது.

ஆவணங்களில் மலேசியா சுலபம். இந்தியர்களுக்கு 2026 இறுதி வரை 30 நாள் விசா இல்லாமல் அனுமதி. பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். சிங்கப்பூருக்கு விசா வேண்டும், அதை அங்கீகரிக்கப்பட்ட முகவர் மூலம் எடுக்க வேண்டும். கைக்குழந்தைக்கும் தனி விசா, தனிக் கட்டணம். அங்கேயும் ஒரு வருகை அட்டை உண்டு. அரசுத் தளத்தில் அதற்குக் கட்டணம் இல்லை, பணம் கேட்கும் தளத்தில் நிரப்பாதீர்கள். இலங்கைக்கு இணையத்திலேயே முன் அனுமதி வாங்கிவிடலாம். கட்டண விதி பலமுறை மாறியிருப்பதால் அரசுத் தளத்தை அந்தந்த நேரத்தில் பாருங்கள்.

பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நம்முடையது 10 ஆண்டு செல்லும் என்ற நினைப்பிலேயே இருப்போம், சிறுவர்களுக்குக் கொடுப்பது பெரும்பாலும் 5 ஆண்டுதான். பயணத் தேதியிலிருந்து 6 மாதமாவது மீதி இருக்க வேண்டும். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகலாம். ஆனால் பயணத்தின் நடுவில் இரண்டாவது பிறந்தநாள் வந்தால், திரும்பும்போது தனி இருக்கைக்கு டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும். அந்தப் பிறந்தநாளுக்கு முன்பே திரும்பி வரும்படி தேதியைக் குறித்துவிட்டால் ஒரு டிக்கெட் காசு மிச்சம்.