தண்டம் கட்டுவதா, வழக்காடுவதா: மாணவர் ஒன்றியக்காரருக்கு ஓர் ஒப்பீடு

ஊழலுக்கு எதிராக ஊர்வலம் போனதற்காக நீதவான் முன்னால் நிறுத்தப்படும் இலங்கைப் பல்கலைக்கழக மாணவருக்கு, பிணையில் வந்த கையோடு மூன்று வழிகள் இருக்கின்றன. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டிவிட்டுப் படிக்கப் போகலாம். சுற்றவாளி என்று சொல்லி வழக்காடலாம். கைதே பிழை என்று நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனு போடலாம். 2022 இல் அரகலய என்ற மக்கள் போராட்டம் நடந்தபோது ஒரு பீட மாணவர் ஒன்றியத்தில் நான் பொறுப்பில் இருந்தேன். எங்கள்மேல் வழக்கு விழுந்தபோது இரண்டாவது வழியை எடுத்தேன். இப்போது யாராவது வந்து கேட்டாலும் அதையே சொல்வேன். அதற்கான காரணம் நியாயம், கொள்கை என்று பலர் நினைப்பதைவிடச் சின்னது, நடைமுறை சார்ந்தது: தவணை, அதாவது நீதிமன்றத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டிய திகதிகள். பலரை ஒப்புக்கொள்ள வைப்பது அதுதான், ஆனால் அதைச் சேர்ந்து சுமக்க முடியும்.

அதற்கு முன் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். எல்லா வழக்கும் ஒரே வழக்கு அல்ல. தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் சட்டவிரோதக் கூட்டம் என்று போட்டால் சட்டவிரோதமான பொது நோக்கத்தோடு ஐந்து பேர் சேர்ந்து நின்றிருந்தாலே போதும். உச்சத் தண்டனை ஆறு மாதச் சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். பிணை சாதாரணமாகக் கிடைக்கும். 1997 பிணைச் சட்டமே பிணை கொடுப்பதுதான் வழமை, மறுப்பது விதிவிலக்கு என்று சொல்கிறது. பொதுச் சொத்துச் சட்டத்தைச் சேர்த்தால் கதை மாறும். சேதத்தின் பெறுமதி இவ்வளவு என்று பொலிஸ் உயரதிகாரி சான்றிதழ் கொடுத்துவிட்டால் பிணைக்கு விசேட காரணம் காட்ட வேண்டும். மாணவர் தலைவர்கள்மேல் இந்தச் சட்டம் அடிக்கடி பாய்வது இதனால்தான். அதற்கும் மேலே பயங்கரவாதத் தடைச் சட்டம். அங்கே நீங்கள் தெரிவு செய்ய எதுவுமே இல்லை.

அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் ஏற்பாட்டாளராக இருந்த வசந்த முதலிகேயின் வழக்கைப் பாருங்கள். கோட்டாபய ராஜபக்ஷ நாட்டைவிட்டு ஓடி, 2022 ஜூலை 14 அன்று பதவி விலகினார். ஒரு மாதம் கழித்து, ஓகஸ்ட் 18 அன்று, கொழும்பில் ஊர்வலம் போன இடத்தில் முதலிகே கைதானார். பாதுகாப்பு அமைச்சையும் கையில் வைத்திருந்த ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்க 90 நாள் தடுப்புக்காவல் உத்தரவில் கையெழுத்திட்டார். பயங்கரவாதத் தடைச் சட்டம் அவருக்குப் பொருந்தாது என்று கொழும்பு நீதவான் நீதிமன்றம் தீர்மானித்தது 2023 ஜனவரி 31 அன்று. அதன் பிறகும் அவர்மேல் இருந்த மற்ற வழக்குகளில் பிணை கிடைத்த பிறகுதான் அவரால் வெளியே வர முடிந்தது. ஊழலைக் கேள்வி கேட்ட ஒரு மாணவருக்கு ஐந்து மாதத்துக்கு மேல் போய்விட்டது. அந்த நிலையில் இருப்பவருக்கு நான் எழுதும் எதுவும் நேரடியாக உதவாது. தடுப்புக்காவலில் நான் இருந்ததில்லை, பொதுச் சொத்து வழக்கும் என்மேல் இருக்கவில்லை. இது ஊர்வலத்தில் கைதாகி, சில நாட்களில் வெளியே வந்து, சாதாரணச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்துக்கு அலையும் பெரும்பான்மைக்காக எழுதுவது.

சரி, முதல் வழி. ஒப்புக்கொள்வதில் இருக்கும் வசதியை மறைக்கத் தேவையில்லை. ஒரே நாளில் முடியும். சட்டத்தரணிக்குப் பெரிய செலவு இல்லை. வீட்டில் நிம்மதி. என் வீடு வவுனியாவில். எங்கள் பக்கத்தில் ஒரு தாய்க்குத் தன் பிள்ளையின் பெயர் பொலிஸ் புத்தகத்தில் இருக்கிறது என்பது வெறும் வழக்குச் செய்தி இல்லை. மூன்று வருடத்துக்கு மட்டும் என்று 1979 இல் கொண்டுவந்து 1982 இல் நிரந்தரமாக்கிய பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஊர்ப் பிள்ளைகள் வருடக்கணக்கில் கிடந்ததைப் பார்த்த தலைமுறை அது. 2019 மே மாதம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத் தலைவரும் செயலாளரும் அதே சட்டத்தில் கைதானபோது அம்மா எனக்கு எடுத்த அழைப்புகள் எனக்கு மறக்காது. அதனால் "காசைக் கட்டிப்போட்டு வா தம்பி" என்று அவர் சொன்னதை நான் கோழைத்தனம் என்று எப்போதும் நினைத்ததில்லை. எங்களோடு கைதானவர்களில் சிலர் அப்படியே செய்தார்கள். அவர்கள் என் நண்பர்கள்தான், இன்றும்.

ஆனால் ஒப்புக்கொண்டால் அது குற்றத்தீர்ப்பு. தண்டம் சின்னதாக இருக்கலாம், பதிவு சின்னதல்ல. அரச வேலை விண்ணப்பத்தில் நீதிமன்றத்தால் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டிருக்கிறீர்களா என்ற கேள்வி வரும். வெளிநாட்டுக்குப் படிக்கவோ வேலைக்கோ போக பொலிஸ் நற்சான்றிதழ் கேட்பார்கள். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் நீட்டவில்லை. பலர் யோசிக்காத ஒன்றை மட்டும் சொல்கிறேன்: ஒன்றியத்தில் பொறுப்பில் இருப்பவருக்கு வழக்கு ஒன்றோடு நிற்பதில்லை. முதலிகேயின் விஷயத்தில் பார்த்தோமே, ஒன்று விழுந்தாலும் மற்றவை பிடித்துக்கொண்டிருந்தன. முதல் வழக்கில் ஒப்புக்கொண்டவர், இரண்டாவது வழக்கில் முன்குற்றம் உள்ளவராக நிற்பார்.

நடுவில் ஒரு வழி உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306 ஆம் பிரிவின் கீழ், குற்றம் நிரூபணமானாலும் வயதையும் நடத்தையையும் பார்த்துக் குற்றத்தீர்ப்பைப் பதியாமலே விடுவிக்க நீதவானால் முடியும். இளம் மாணவர்களுக்கு இதைக் கேட்பதில் தவறே இல்லை. ஆனால் கொடுப்பதும் விடுவதும் நீதவானின் கையில். கேட்டுவிட்டுக் கிடைக்காமல் போனால் திரும்பிப் போக இடமில்லை. ஒப்புக்கொள்ளத்தான் போகிறேன் என்று முடிவெடுத்தவர், தண்டத்தை மட்டும் பேசாமல் இதைச் சட்டத்தரணியிடம் கட்டாயம் கேளுங்கள்.

இனி தவணை. வழக்காடுபவரைக் களைக்க வைப்பது தீர்ப்பைப் பற்றிய பயம் அல்ல. திரும்பத் திரும்ப வரும் அந்தத் திகதிகள்தான். தொடக்கத்தில் பல தவணைகளில் எதுவுமே நடக்காது. விசாரணை முடியவில்லை என்று பொலிஸ் 'பி' அறிக்கை போடும், அதாவது விசாரணை எந்த அளவில் நிற்கிறது என்று நீதிமன்றத்துக்குச் சொல்லும் அறிக்கை. சட்டமா அதிபரின் ஆலோசனைக்கு அனுப்பியிருக்கிறோம் என்பார்கள். உங்கள் இலக்கத்தைக் கூப்பிட்டு, பெயரைச் சொல்லி, அடுத்த திகதியைச் சொல்லி அனுப்ப இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்துக்காக நான் முதல்நாள் இரவே பஸ் ஏற வேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 சதவீதம். மஹாபொல என்ற அரச உதவித்தொகைக் காசில் சாப்பிடுவதே பாடு என்றிருந்தபோது போக்குவரத்துச் செலவு எங்கிருந்து வரும்? போகாமல் இருக்கவும் முடியாது. போகாவிட்டால் பிடியாணை, பிணை நின்றவருக்கு அழைப்பு. எனக்குப் பிணை நின்றது மாமா. கிராம சேவையாளரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுத்து வந்து கையெழுத்து வைத்தவர். நான் ஒரு நாள் தூங்கிவிட்டால் அவர் நீதிமன்றப் படியேற வேண்டும்.

என்னைப் போன்ற தமிழ் மாணவருக்கு இன்னொரு பாரமும் உண்டு. அறிக்கை சிங்களத்தில், நடவடிக்கை சிங்களத்தில். மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது அரசியலமைப்பு தரும் உரிமை. அதைக் கேட்டால், ஆள் இல்லை என்று ஒரு தவணை போனாலும் போகும். எனக்குச் சிங்களம் ஓரளவு வரும், சமாளித்தேன். வராதவர் கேட்கத்தான் வேண்டும். ஒரு தவணையை மிச்சம் பிடிக்க, விளங்காத குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லிவிட்டு வராதீர்கள்.

இதையெல்லாம் பார்த்தால் முதல் வழியே மேல் என்று தோன்றும். எங்களில் ஒப்புக்கொண்டவர்கள் எல்லோருமே தவணையைத் தாங்க முடியாமல்தான் ஒப்புக்கொண்டார்கள், ஒருவரும் குற்றம் செய்தோம் என்று நம்பி அல்ல. எனக்கு மாற்றிப் படுகிறது. பதிவு உங்களோடு கடைசிவரை வரும். தவணைக்கு ஒரு முடிவு உண்டு, அதோடு அதைப் பலர் சேர்ந்து சுமக்க முடியும். நாங்கள் செய்தது இவ்வளவுதான். பரீட்சை அட்டவணை வந்த அன்றே அதைச் சட்டத்தரணிக்கு அனுப்பினோம். திகதி கொடுக்கும்போது அவர் எழுந்து சொன்னால் பெரும்பாலும் தள்ளிக் கொடுத்தார்கள். வழக்கு இலக்கத்தோடு நீதிமன்றக் கடிதம் கேட்டு வாங்கிப் பீடாதிபதியிடம் கொடுத்தோம். வகுப்பு வரவு விழுந்தபோது அது கைகொடுத்தது. தூரத்தில் இருந்து வருபவருக்கு ஒன்றியம் பஸ் காசு கொடுத்தது. விடுதியில் மாதாமாதம் கொஞ்சம் சேர்த்த காசு அது. இவை இல்லாத இடத்தில் தனியாக ஒருவர் வழக்காடுவது மிகக் கடினம், அப்படிப்பட்டவருக்கு நான் இதே உறுதியோடு சொல்ல மாட்டேன்.

சட்டத்தரணி விஷயத்தில் முன்கூட்டியே யோசியுங்கள். 2022 மார்ச் 31 இரவு மிரிஹானவில், கோட்டாபயவின் வீட்டருகே நடந்த போராட்டத்தில், கைதானவர்களுக்காக நூற்றுக்கணக்கான சட்டத்தரணிகள் காசு வாங்காமல் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். அது பெரிய விஷயம், அந்தப் பிள்ளைகள் வெளியே வந்தது அதனால்தான். ஆனால் எந்த வழக்கிலும் முதல் நாள் கூட்டம் எட்டாவது மாதத்தில் இருக்காது. எட்டாவது மாதத்திலும் வருவேன் என்று சொல்லும் ஒருவரைத் தொடக்கத்திலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு அப்படி ஒரு அக்கா கிடைத்தார். பெரிய பெயர் இல்லை, ஆனால் அந்த நீதிமன்றத்தில் தினமும் நிற்பவர், எழுதுவினைஞர்களை அறிந்தவர். பெயர் பெற்றவரைவிட தினமும் நிற்பவரே இந்த மாதிரி வழக்குக்கு நல்லவர் என்பது என் அனுபவம்.

எங்கள் வழக்கு பெரிய வாதத்தில் முடியவில்லை. பொலிஸ் சாட்சிகள் ஒழுங்காக வரவில்லை, அக்கா எதிர்ப்புச் சொன்னார், மேலும் தவணை கொடுக்க நீதவான் மறுத்தார், எங்களை விடுவித்தார். இதை வைத்து எல்லா வழக்கும் இப்படித்தான் விழும் என்று சொல்ல முடியாது. காணொளி ஆதாரம் இருந்து, யாருக்காவது காயம் பட்டிருந்து, அரச வாகனம் ஏதாவது எரிந்திருந்தால் அது முற்றிலும் வேறு வழக்கு.

இந்த இடத்தில் ஒன்றைச் சேர்க்க ஆசை. நாங்கள் வீதியில் சொன்னதை நீதிமன்றம் பின்னால் சொல்லத்தான் செய்தது. பொருளாதார வீழ்ச்சிக்குக் கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ஷக்கள் உட்பட்டவர்கள் பொறுப்பு என்றும், அவர்கள் மக்கள் நம்பிக்கையை மீறினார்கள் என்றும் 2023 நவம்பர் 14 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போராட்டத்தை அடக்கக் கொண்டுவந்த 2022 ஜூலை 17 அவசரகாலப் பிரகடனம் அடிப்படை உரிமையை மீறியது என்று 2025 ஜூலையில் தீர்ப்பு வந்தது. இரண்டு தீர்ப்பையும் வாசித்தபோது, ஒப்புக்கொண்ட என் நண்பர்களின் பதிவு இன்னும் அப்படியே இருக்கிறதே என்றுதான் எனக்கு மனம் வலித்தது.

அந்த இரண்டு தீர்ப்புமே அடிப்படை உரிமை மனுவில் வந்தவை. அப்படியென்றால் மூன்றாவது வழிதானே சிறந்தது என்று கேட்கலாம். நான் போட்டதில்லை, அதனால் அளந்தே சொல்கிறேன். அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் நேரே உயர் நீதிமன்றத்துக்கு, கொழும்பு புதுக்கடைக்கு, போக வேண்டும். முதலில் மனுவை விசாரிக்க அனுமதி கிடைக்க வேண்டும். இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாலும், மேலே சொன்ன தீர்ப்புகளுக்கு எடுத்த காலத்தைப் பாருங்கள். நீதவான் நீதிமன்ற வழக்கும் அதனால் தானாக நிற்காது. அடிபட்டவர், தடுப்புக்காவலில் வைக்கப்பட்டவர், காரணமே இல்லாமல் கைதானவர் கட்டாயம் போட வேண்டும். சாதாரணக் கைதுக்கு இது வழக்காடுவதற்குப் பதிலாக அல்ல, அதோடு சேர்த்துச் செய்வது.

எல்லோரும் தவறவிடுவது காலக்கெடுவை. உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் மனு போட வேண்டும். அந்த ஒரு மாதம் பிணை, பரீட்சை, வீட்டு அழுகை என்று எங்களுக்கு ஓடியே போனது. அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கெடுவில் சேராது. 1996 ஆணைக்குழுச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. முறைப்பாட்டுக்குக் காசு இல்லை, சட்டத்தரணி தேவையில்லை, தமிழில் எழுதலாம். யாழ்ப்பாணம், வவுனியா, கண்டி, மட்டக்களப்பு எல்லா இடத்திலும் கிளை இருக்கிறது. பிணையில் வந்த வாரத்திலேயே போய்க் கொடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மனு போடுவதா இல்லையா என்பதை, அங்கே விசாரணை உண்மையில் நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, சட்டத்தரணியோடு யோசிக்கலாம்.