கெபெக்கிலிருந்து வரும் காலாண்டிதழ்: சொலாரிஸ்

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில், சேந்தாந்த்ரே நகரில் வாழும் எனக்கு, பிரெஞ்சு அறிவியல் புனைகதை என்றால் பாரிஸ் பதிப்பகங்களின் நூல்கள்தாம் என்ற எண்ணம் நெடுநாள் இருந்தது. அதை மாற்றியது, கனடாவின் கெபெக் மாகாணத்திலிருந்து வரும் 'சொலாரிஸ்' இதழ். 1974இல் நொர்பேர் ஸ்பெனேர் 'ரெக்வியம்' என்ற பெயரில் தொடங்கிய இவ்விதழ், 1979இல் இப்பெயரைப் பெற்றது. தமிழில் 'மணிக்கொடி' சிறுகதைக்கு ஆற்றிய தொண்டை நினைவூட்டும் முயற்சி இது. ஆனால் மணிக்கொடிக்குக் கிடைக்காத நீண்ட ஆயுள் இதற்கு வாய்த்திருக்கிறது.

சிறுகதைகளும் கட்டுரைகளும் சிறப்பானவையே. எனினும், நான் முதலில் புரட்டுவது நூல் மதிப்புரைப் பகுதியைத்தான். ஓராண்டின் நான்கு இதழ்களையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது, அம்மாகாணத்தில் மிகைபுனைவு எப்படி வளர்கிறது, எந்தப் பதிப்பகம் புதியவர்களுக்கு இடமளிக்கிறது, எவ்வகைக் கதைகள் அலுப்பூட்டத் தொடங்கிவிட்டன என்பதெல்லாம் தெளிவாகின்றன. 1996இல் தொடங்கப்பட்ட அலீர் பதிப்பகம், புத்தம் புதிய நாவல்களையும் நேரடியாகக் கையடக்கப் பதிப்பிலேயே வெளியிடுவதை இப்பகுதியின் வழியாகத்தான் அறிந்தேன்; மாணவர்களுக்கு அது பெரும் உதவி.

குறை என்றால், கெபெக் பேச்சுவழக்குச் சொற்கள் சில நம் வாசகருக்குப் புரிவதில்லை. ஒரு சிறு சொற்குறிப்பு சேர்த்திருக்கலாம். அச்சுப் பிரதி கடல் கடந்து வந்து சேரவும் நாளாகிறது. அவசரமுள்ளவர்கள் மின்னிதழை வாங்கலாம். நான் தாளிலேயே படிக்கிறேன். படித்து முடித்ததும் என் தங்கை மகளுக்குக் கொடுக்கிறேன். எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் இத்தகைய கதையொன்றை அவள் எழுதத் தொடங்கியிருக்கிறாள்.