பராமரிப்பை வெட்டுவதா, வரியைக் கூட்டுவதா?

2022 பிப்ரவரி தேர்தலில் ஜெயித்து, அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு பேரூராட்சியில் கவுன்சிலராகப் போய் உட்கார்ந்தேன். இரண்டாவது மாதமே இந்தக் கேள்வி வந்துவிட்டது. கொரோனாவில் வியாபாரம் படுத்ததில் சந்தை ஏலம் எடுத்தவர் தள்ளுபடி கேட்டார், பேரூராட்சிக் கடைகளில் வாடகை பாக்கி நின்றது. ஆனால் குடிநீர் மோட்டாரின் கரண்ட் பில்லும் தூய்மைப் பணியாளர் சம்பளமும் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. கடன், செலவுக் குறைப்பு, வரி என்று மூன்று வழிதான். நான் வரிக்குக் கையைத் தூக்கினேன், இன்றும் அந்தப் பக்கம்தான் நிற்கிறேன்.

கடனைப் பற்றி எனக்கு அனுபவம் இல்லை, எங்கள் மன்றம் அந்தப் பக்கமே போகவில்லை. மாநில அரசுக்கு அந்த வசதி பெரிது; 2020-21இல் அதன் கடன் வரம்பை, மாநிலத்தின் மொத்த உற்பத்தி மதிப்பில் 3 சதவீதத்திலிருந்து 5 வரை மத்திய அரசே தளர்த்தியது. 2021 ஆகஸ்டில் மாநில நிதிநிலை பற்றி வந்த வெள்ளை அறிக்கை, குடும்பம் ஒன்றுக்கு 2,63,976 ரூபாய் கடன் என்று கணக்குச் சொன்னது. அதைப் படித்த பிறகு கடன் என்றாலே எனக்குத் தயக்கம்.

செலவைக் குறைப்பதுதான் வாக்காளருக்குப் பிடித்த பேச்சு. கொரோனா காலத்தில் மாநில அரசு அகவிலைப்படி உயர்வை நிறுத்தி வைத்தது, ஓய்வு வயதை 58இலிருந்து 59, அப்புறம் 60 ஆக்கி, ஓய்வுக்காலப் பணம் கொடுப்பதைத் தள்ளிப்போட்டது. பேரூராட்சிக்கு அப்படித் தள்ளிப்போட என்ன இருக்கிறது? பராமரிப்பு ஒன்றுதான். அதை வெட்டினால் என்ன ஆகும் என்பதை நான் கவுன்சிலர் ஆகும் முன்பே பார்த்துவிட்டேன்.

தாமிரபரணியில் எங்கள் உறைகிணற்று மோட்டார் ஒரு மாதிரி இரைந்துகொண்டிருந்தது. ஆபரேட்டர் திருப்புளியின் முனையை மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டி, என்னையும் கேட்கச் சொன்னார். உள்ளே கல்லை அரைக்கிற மாதிரி சத்தம். "பேரிங் போயிட்டு அண்ணாச்சி, இப்ப மாத்தலன்னா வைண்டிங்கே எரிஞ்சுரும்" என்றார். நிதி இல்லை என்று ஒத்திப்போட்டார்கள். சில ஆயிரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை, மூன்றே வாரத்தில் வைண்டிங் எரிந்து, மோட்டாரைக் கிணற்றிலிருந்து தூக்கி, ஒன்பது நாள் லாரித் தண்ணீர் அடித்து, பல மடங்கு செலவில் முடிந்தது. அந்த ஒன்பது நாளும் குடத்தோடு தெருவில் நின்றது பெண்கள்தான். சாக்கடையும் தெருவிளக்கும் இதே கதைதான்.

சரி, வரி. வியாபாரம் விழுந்தால் ஜிஎஸ்டி விழும், ஏலத்தொகை விழும். வீடு நிற்கிற இடத்தில்தான் நிற்கும், அதனால் சொத்து வரி அப்படிச் சரிவதில்லை. 2022 உயர்வில் 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100 என்று படி வைத்திருந்ததால், மச்சு வீட்டுக்கும் ஓட்டு வீட்டுக்கும் ஒரே அடி விழவில்லை. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவு நிர்ணயிக்காவிட்டால் மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழு மானியம் கிடைக்காது என்ற நிபந்தனையும் இருந்தது. வரி வேண்டாம் என்றிருந்தால் அதுவும் போயிருக்கும்.

ஆனாலும் என் வார்டில் பீடி சுற்றும் அக்கா ஒருவர் கேட்டது இன்னும் மனசில் இருக்கிறது: "கடையில முழுசா இலையே தரல, நீங்க வரியையும் கூட்டுனா நான் எங்க போவேன் அண்ணாச்சி?" அவர் வீடு 600 அடிக்குள், அரையாண்டுக்கு ஏறியது சின்னத் தொகைதான், ஆனால் அவருக்கு அது சின்னது இல்லை. ஊரடங்கு நடந்த 2020இலேயே ஓட்டுக்கு விட்டிருந்தால் கையைத் தூக்கியிருப்பேனா, தெரியவில்லை. அதனால்தான் பெரிய வீடுகளின் பழைய பாக்கியை முதலில் வசூலிக்க வேண்டும் என்று மன்றத்தில் திரும்பத் திரும்பக் கேட்டேன். பாதிதான் வந்தது.

போன மாதம் அதே கிணற்றில் பேரிங் மறுபடி சத்தம் கொடுத்தது. இந்த முறை கையில் காசு இருந்தது. காலையில் நிறுத்திய தண்ணீர் மூன்று மணிக்குக் குழாயில் வந்துவிட்டது.