சிட்டி கோல்ஃபும் கோல்ஃப் 8 ஆரும்: ஒரே பிரிவில் ஓடலாமா?

போன வருடம் நான் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. வீட்டுக் கராஜில் நிற்கிற சிட்டி கோல்ஃபை (வோக்ஸ்வாகனின் பழைய சின்னக் கார்) விற்று, கொஞ்சம் கடனும் போட்டு, அக்கா மகன் வாங்கியது போல அதே கம்பெனியின் புது வேக வண்டியான ஒரு கோல்ஃப் 8 ஆர் வாங்கிவிடலாமா என்பதுதான் கேள்வி. கடைசியில் வாங்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால், இங்கே தென்னாப்பிரிக்காவில் குளிர்காலமான ஜூலை மாதத்தில், டர்பனிலிருந்து இரண்டு வண்டிகளையும் போர்ட் ஷெப்ஸ்டனுக்குக் கொண்டுபோய் டெஸி ஓடுதளத்தில் ஒரே நாளில் ஓட்டிப் பார்த்தோம். டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் டிராக் ரேஸ் (நேர் தளத்தில் இரண்டு வண்டிகள் ஓடுகிற குறுகிய பந்தயம்) ஓட்டுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் வருகிற சண்டை ஒன்று உண்டு: ஷோரூமிலிருந்து அப்படியே வருகிற வண்டியை, நாம் வீட்டில் கட்டிய வண்டிகளோடு ஒரே பிரிவில் விடுவது நியாயமா? அன்றைக்கு அந்தக் கேள்விக்கு எனக்கு ஒரு பதில் கிடைத்தது, நான் எதிர்பார்த்த பதில் அல்ல.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். ஆர் வேகமான வண்டி. 235 கிலோவாட், டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது), நான்கு சக்கரமும் இழுக்கும், ஏழு கியர் டிஎஸ்ஜி (கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாறுவது). என்னுடையது முன்சக்கரம் மட்டும் இழுக்கிற சிட்டி, டர்போ இல்லாத இரண்டு லிட்டர் 16 வால்வு எஞ்சின் மாற்றியது, எடை 900 கிலோ பக்கம். 400 மீட்டரை ஆர் 13.1 நொடியில் முடிக்கிறது, என் வண்டிக்கு 14.2 ஆகிறது. நேருக்கு நேர் விட்டால் யார் ஜெயிப்பார்கள் என்று பேச ஒன்றுமில்லை.

அதனால்தான் டயல்-இன் முறை இருக்கிறது. நம் வண்டி எத்தனை நொடியில் ஓடும் என்று நாமே முன்கூட்டிச் சொல்கிறோம், மெதுவான வண்டிக்கு அந்த வித்தியாசத்தின் அளவு முன்னதாகப் பச்சை விளக்கு விழும், சொன்ன நேரத்தைவிடச் சீக்கிரம் ஓடினால் தோல்வி. இப்படி ஓட்டினால் புது வண்டி என்ன, பழைய வண்டி என்ன, எல்லாம் சமம் என்றுதான் நான் இத்தனை வருடமும் சொல்லிவந்தேன்.

அன்றைய டைம் ஸ்லிப்புகளை (ஓட்ட நேரம் அச்சிட்ட சீட்டுகளை) பார்த்த பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை. ஆரில் நான் நான்கு முறை ஓடினேன்: 13.11, 13.14, 13.12, 13.10. அந்த வண்டியை அதற்கு முன் நான் தொட்டதுகூட இல்லை. பக்கத்தில் நின்று மருமகன் சொன்னது இவ்வளவுதான்: "மாமா, இடது காலால பிரேக்கை அமுக்குங்க, வலது காலை முழுசா மிதிங்க, பச்சை விழுந்ததும் இடது காலை எடுங்க." எஞ்சின் எத்தனை சுற்றில் நிற்க வேண்டும், கிளட்ச் எவ்வளவு வழுக்க வேண்டும், எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு இழுவை, எப்போது கியர் மாற வேண்டும், எல்லாவற்றையும் லாஞ்ச் கண்ட்ரோல் என்கிற, கிளம்புவதைக் கவனிக்கும் கம்ப்யூட்டரும் டிஎஸ்ஜியும் பார்த்துக்கொண்டன. பதினைந்து வருடமாக நான் ஓட்டுகிற என் சொந்த சிட்டியில் அதே நாள், அதே தளத்தில் என் நேரம் 14.21, 14.48, 14.17, 14.62. இரண்டாவது ஓட்டத்தில் கிளட்சைக் கொஞ்சம் சீக்கிரம் விட்டேன், சக்கரம் சுழன்றுவிட்டது. நான்காவதில் கிளட்ச் சூடேறியிருந்தது, இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்குப் போகும்போது கை ஒரு கணம் தடுமாறியது.

இதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் 14.15 என்று டயல் கொடுத்தால் (அதற்கு மேல் கொடுத்தால் ஒரு நல்ல ஓட்டமே என்னைத் தோற்கடித்துவிடும்) இந்த நான்கு ஓட்டங்களில் சராசரியாக 0.22 நொடி வீணாகிறது. மருமகன் 13.09 என்று கொடுத்தால் அவனுக்கு வீணாவது 0.03 கூட இல்லை. எங்கள் இருவருக்கும் வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்கு நொடி. முடிவுக் கோட்டைத் தாண்டும்போது என் வண்டி 155 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்றால் அது எட்டு மீட்டர், இரண்டு சிட்டி கோல்ஃபின் நீளம். விளக்கைப் பார்த்துக் கிளம்புவதில் நான் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் அந்த இடைவெளியை ஒவ்வொரு சுற்றிலும் மீட்க முடியாது. டயல்-இன் வேகத்தைச் சமப்படுத்திவிடுகிறது, சரி. ஆனால் டயல்-இன்னில் ஜெயிப்பதே ஒரே நேரத்தைத் திரும்பத் திரும்ப ஓடுவதுதானே, அந்த வேலையை ஒரு பக்கம் மனிதனும் மறுபக்கம் கம்ப்யூட்டரும் செய்கிறார்கள்.

சாதாரணப் பிரிவுகளில் கம்பெனியே கட்டிய வண்டிகள் வந்து இறங்குவது உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் 1968லேயே கிரைஸ்லர் ஹெமி எஞ்சின் வைத்த டாட்ஜ் டார்ட், பிளிமத் பாரகுடா வண்டிகளை டிராக் ரேஸுக்கென்றே விற்றது. பிறகு 2008இல் ஃபோர்டு கோப்ரா ஜெட் மஸ்டாங் 50 வண்டிகள், 2012இல் செவர்லே கோப்போ கமேரோ 69 வண்டிகள். ஸ்டாக் பிரிவில் (கம்பெனி வண்டிகளுக்கான பிரிவு) அவர்கள் சமப்படுத்துகிற வழி வேறு: வண்டியின் எடையை, பந்தய அமைப்பு ஒதுக்கிய குதிரைத்திறனால் வகுத்துப் பிரிவு போடுவார்கள், ஒரு வண்டி எதிர்பார்த்ததைவிட ரொம்ப வேகமாக ஓடினால் அந்தக் குதிரைத்திறன் எண்ணை ஏற்றிவிடுவார்கள். கம்பெனி முதலில் எண்ணைக் குறைத்துக் காட்டினால் அது சரியாகிற வரைக்கும் பழைய வண்டிக்காரர் நஷ்டத்தில்தான் ஓடுவார்.

அந்த வழியை இங்கே கொண்டுவரலாம் என்று சிலர் சொல்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் அது இன்னும் மோசமாகும் என்பது என் எண்ணம். காரணம் காற்று. போர்ட் ஷெப்ஸ்டன் கடலோரம், ஆனால் க்ரூகர்ஸ்டார்ப் பக்கம் இருக்கிற டார்ல்டன் ஓடுதளம் 1,500 மீட்டருக்கு மேலே. அந்த உயரத்தில் டர்போ இல்லாத எஞ்சின் ஆறில் ஒரு பங்கு சக்தியை இழக்கும், டர்போ வண்டி அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டு பெரும்பகுதியைக் காப்பாற்றிக்கொள்ளும். என் சிட்டி அங்கே 15 நொடியைத் தாண்டிவிடுகிறது. காகிதத்தில் உள்ள கிலோவாட்டை வைத்துப் பிரிவு போட்டால் கடற்கரையில் சமமாக இருக்கிற இரண்டு வண்டிகள் மேட்டுநிலத்தில் சமமாக இருக்காது. டயல்-இன்னில் இந்தத் தொல்லை இல்லை, அந்த அந்த இடத்தில் ஓடிய நேரத்தைக் கொடுத்துவிடலாம்.

ஆர் பக்கம் பேசவும் நிறைய இருக்கிறது. அது தளத்தில் எண்ணெய் கொட்டுவதில்லை, ஓடி முடித்ததும் ஏசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், இந்த மாதிரி வண்டி இருப்பதால்தான் பல இளைஞர்கள் தெருவில் பந்தயம் விடாமல் ஓடுதளத்துக்கு வருகிறார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. அதே சமயம் நான் ஆரை ஓட்டியது அந்த ஒரு குளிர்ந்த நாளில்தான். பிப்ரவரிக் கோடை வெக்கையில் ஓய்வில்லாமல் ஏழெட்டு முறை விட்டால் அதுவும் இவ்வளவு சீராக ஓடுமா என்று நான் பார்க்கவில்லை.

நான் வாங்காததற்குக் காரணம் வேறு. நேரம் எடுக்கிற எந்த ஓட்டத்திலும் சேதம் வந்தால் இன்சூரன்ஸ் தராது என்று பாலிசியில் தெளிவாக எழுதியிருந்தது. கடன் முடியாத வண்டியை அப்படி ஓட்ட எனக்கு மனம் வரவில்லை. சிட்டியில் சிவி ஜாயிண்ட் (சக்கரத்தைச் சுழற்றுகிற தண்டின் மூட்டு) உடைந்தால் சனிக்கிழமை காலை நானும் தம்பியும் கொல்லையில் ஜாக்கி போட்டு மாற்றிவிடுவோம், மத்தியானச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்துவிடும். 1984இலிருந்து 2009 வரை இந்த நாட்டிலேயே தயாரான வண்டி என்பதால் பாகம் கிடைக்காது என்ற கவலையே இல்லை.

இனி பிரிவுகளை எப்படிப் பிரிக்க வேண்டும் என்றால், வண்டி பிறந்த வருடத்தைப் பார்க்க வேண்டாம், கிளட்ச் பெடல் இருக்கிறதா என்று பாருங்கள் என்பேன். இரண்டு பெடல் வண்டிகளுக்கு ஒரு டயல்-இன் பிரிவு, மூன்று பெடல் வண்டிகளுக்கு ஒன்று. டொயோட்டா ஜிஆர் யாரிஸ் மேனுவலோ, ஹோண்டா சிவிக் டைப் ஆரோ ஷோரூமிலிருந்து நேரே வந்தாலும் எங்களோடு தாராளமாக ஓடட்டும், அங்கேயும் ஒரு மனிதக் கால்தான் கிளட்சை விடுகிறது.

மருமகனிடம் இதைச் சொன்னேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ என் கூட்டாளி பழைய முதல் தலைமுறை மார்க் 1 கோல்ஃபுக்குள்ள டர்போ எஞ்சினும் டிஎஸ்ஜியும் போட்டிருக்கானே மாமா, எல்லாம் அவன் கையால கட்டினது, அது?" என்று கேட்டான்.

அதுவும் உங்கள் இரண்டு பெடல் பிரிவில்தான் ஓட வேண்டும் என்றேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதைப் பற்றியே வாதாடிக்கொண்டு வந்தான்.