சிராய்ப்பு: காயவிடுவதா, ஈரமாக மூடுவதா?

பைக்கிலிருந்து விழுந்து முட்டி சிராய்த்துக்கொண்டால் வீட்டில் முதலில் கேட்பது இதுதான்: “மூடாதே, காத்துப் படட்டும், காஞ்சா ஆறிடும்.” காய்வது வேறு, ஆறுவது வேறு.

முதல் இரண்டு மூன்று நாள் இரண்டு வழிக்கும் பொது. தட்டணுக்கள் ரத்தத்தை உறைய வைக்கும். சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் வந்து கிருமிகளை விழுங்கும். பிறகு மேக்ரோஃபேஜ்கள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்கள் செத்த செல்களைக் கூட்டிப் பெருக்கும். ஓரத்தில் லேசான சிவப்பு, சூடு, வீக்கம் எல்லாம் இந்த வேலையின் அடையாளம்தான்.

வித்தியாசம் தோல் மூடும்போது தெரியும். புதுத் தோல் செல்கள் காயத்தின் ஓரத்திலிருந்தும் மயிர்க்கால்களிலிருந்தும் ஊர்ந்து வருகின்றன. ஊர ஈரம் வேண்டும். காயவிட்ட புண்ணில் பொருக்கு தட்டுவதோடு, அதன் அடியில் உள்ள திசுவும் மெல்லிசாக உலர்ந்து சாகிறது. செல்கள் ஈரம் இருக்கும் ஆழத்துக்கு இறங்கி, நொதிகளால் அரித்து வழி வெட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. மூடிய புண்ணில் மேலாகவே போய்விடலாம். 1962-ல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றித் தோலில் செய்து பார்த்தார்: பாலித்தீன் படலத்தால் மூடிய காயங்களில் தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகப் படர்ந்தது.

ஆக, சாதாரணச் சிராய்ப்புக்கு மூடுவதே மேல். ஓடும் குழாய்த் தண்ணீரில் ஐந்து நிமிடமாவது கழுவுங்கள். தார்ரோட்டு மண்ணை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். விட்டால் தோலுக்கடியில் பச்சை குத்தியதுபோல் நின்றுவிடும். பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிசாகப் பூசி, ஒட்டாத காஸ் (கட்டுப் போடும் வலைத்துணி) வைத்து, தினம் ஒருமுறை மாற்றுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: வெறும் காஸை வைத்துக் கட்டி, மூன்றாம் நாள் சரக்கென்று உரிப்பார்கள். ரத்தம் துளிர்க்கும், காஸோடு வந்தது நேற்று முளைத்த தோல். ஒட்டிக்கொண்டால் தண்ணீர் விட்டு ஊறவைத்து மெதுவாக எடுக்க வேண்டும்.

மூடுவதிலும் ஒரு கெடுதல் உண்டு. கட்டு நனைந்தே கிடந்தால் சுற்றியுள்ள நல்ல தோல் வெளுத்துச் சுருங்கும், துணி துவைத்த விரல் மாதிரி. ஜெல்லியைக் குறைத்து, கட்டை அடிக்கடி மாற்றினால் சரியாகும். கசிவை உறிஞ்சிக் கூழாகும் ஹைட்ரோகொலாய்டு பிளாஸ்திரி விலை அதிகம்; நாலைந்து நாள் ஒட்டியே இருக்கும். எடுக்கும்போது மஞ்சள் கூழும் வாடையும் வரும். பெரும்பாலும் அது சீழ் அல்ல, பிளாஸ்திரியே ஊறிய கூழ்.

புண் கழுவ ஊற்றும் ஹைட்ரஜன் பெராக்சைடு பொங்குவதைப் பார்த்து மயங்க வேண்டாம். திசுவில் உள்ள கேட்டலேஸ் நொதி அதை உடைப்பதால் வரும் நுரை அது. பெராக்சைடு புதுச் செல்களையும் கொல்லும். ஆன்டிபயாடிக் பவுடர் கட்டியாக இறுகிப் பொருக்கின் வேலையையே செய்யும்.

சிவப்பு நாளுக்கு நாள் பரவினால், துடிக்கும் வலியோ காய்ச்சலோ வந்தால் டாக்டரிடம் போங்கள். சர்க்கரை நோயாளியின் கால் புண்ணுக்கும் நாய்க்கடிக்கும் கைவைத்தியத்தோடு நிற்க வேண்டாம், டாக்டரிடம்தான் போக வேண்டும். மண்பட்ட காயம், கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருஷத்துக்கு மேல் என்றால் மறுபடி போட வேண்டும்.

காயவிடுவது வெல்லும் இடங்களும் உண்டு. பச்சிளம் குழந்தையின் தொப்புள்கொடியில் மிஞ்சிய துண்டு: எதையும் பூசாமல் உலரவிட்டால் தானாக விழும். படுக்கையில் கிடப்பவரின் குதிகாலில் வீக்கமோ கசிவோ இல்லாமல் கெட்டியாக ஒட்டிய கறுப்புப் பொருக்கு: அதை ஊறவைத்துக் கிளப்பினால் கிருமிக்குக் கதவு திறந்த மாதிரி.